வாங்க மறுத்தலும் வாழவிட மறுத்தலும்

கடைக்காரர் எக்கொள்கையினராயினும் நமக்கென்ன? சரக்கு நன்றாயிருக்கின்றதா, எடை சரியாயிருக்கின்றதா, விலை கட்டுப்படியாகின்றதா என்று பார்த்து வாங்கிக்கொண்டு போவதன்றோ அறிவுடைமை என்பார் ஒரு சாரார். மாற்றுக் கொள்கையான் கடைப்படியை மிதித்தலும் தகாது. அவன் பெட்டியில் விழும் ஒவ்வொரு காசும் நம் நெஞ்சிற் பாயும் வேலாகும். ஆகலின் எந்தக் கடைக்காரர் எந்தக் கட்சியைச் சார்ந்தவர் என்று ஊர்தோறும் கணக்கெடுத்துப் பட்டியல் வெளியிடல் வேண்டும் என்பார் மற்றொரு சாரார். முன்னவருள் அகவை முதிர்ந்தோர் மிகுதி. பின்னவருள் இளைஞர் மிகுதி. பின்னவர் நம்மிடையேயும் உளர். அவர்தம் சினம் போலியன்று. அவர்தம் நேர்மையிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவர் கேட்கும் பட்டியலை எதிர்த்தே இதனை எழுதுகின்றேன். அதனால் முன்னவரோடு யான் சேர்ந்துவிட்டதாக எவரும் மகிழ வேண்டா. முதற்கண் அவர் கணக்கைத் தீர்த்துவிட்டே பின்னவரிடம் வருவேன்.

விற்பவன் செய்யும் தீமையில் வாங்குவோனுக்குப் பங்கில்லை என்னும் சொல்லாடல் நேற்றுத் தோன்றியதன்று. 'யானோ கொன்றேன்? விலைக்கன்றோ வாங்கினேன்!' என்று நழுவப் பார்த்தவனை வள்ளுவரும் கண்டிருக்கின்றார். உண்ண விரும்புவோர் இல்லாவிடத்து ஊனை விற்க முன்வருவோரும் இரார் என்னும் கருத்தினைப் புலால் மறுத்தல் அதிகாரத்துள் அவர் வைத்தது அவனுக்காகவே. ஊன் உண்ணலாமா என்னும் பூசலை ஈண்டு விடுவோம். அக்குறளை நடத்தும்போது என் மாணவருள் பாதிப்பேர் நண்பகல் உணவை நினைத்துச் சிரிப்பது எனக்குத் தெரியும். அக்குறளின் அளவையே எனக்கு வேண்டுவது. வாங்கும் கையும் விற்கும் கையும் ஒரே வினையின் இரு முனைகள் என்பது அது. இதனை மறுப்போர் வள்ளுவரை மறுத்துவிட்டே விலையைப் பற்றிப் பேசவேண்டும்.

1791 ஏப்பிரலில் ஆங்கில நாடாளுமன்றத்தில், அடிமை வணிகத்தை ஒழிக்க வில்பர்போர்சு கொண்டுவந்த முன்மொழிவு, 88 பேர் சார்பாகவும் 163 பேர் எதிராகவும் வாக்களிக்க வீழ்ந்தது. அவையில் தோற்றது அடுக்களையில் எழுந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளின் குருதி சிந்தி விளைந்த சருக்கரையை இனித் தொடுவதில்லை என்று குடும்பம் குடும்பமாய் உறுதி பூண்டனர். வில்லியம் பாக்சு என்பார் அவ்வாண்டே எழுதிய சிறு வெளியீடு நாடெங்கும் கைமாறியது. ஏறத்தாழ 3,00,000 பேர் சருக்கரையை விட்டனர் என்று, அவ்வியக்கத்திற்காக ஊர் ஊராய் அலைந்த தாமசு கிளார்க்சன் மதிப்பிட்டார். அவ்வுறுதியைக் காத்து நின்றோருள் பெண்கள் மிகுதி. அவர்க்கு வாக்குரிமை இல்லை, அவையில் இடமில்லை, வீட்டுக்கு வாங்கும் பொருளைத் தெரிந்தெடுக்கும் உரிமை ஒன்றே இருந்தது. அவ்வொன்றை அவர் அரசியலாக்கினர். அடிமை வணிகம் 1807இல் சட்டத்தால் ஒழிந்தது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தது. சருக்கரையை விட்டதனால் மட்டும் அவை வந்தன என்று சொல்வது மிகைப்படக் கூறலாகும். எய்த்தியிலும் சமெய்க்காவிலும் அடிமைகளே கிளர்ந்தெழுந்தமை பெருங்கரணியம். ஆயினும் 'விலையைப் பார், வேறெதையும் பாராதே' என்று அப்பெண்டிரிடம் யார் சொல்லத் துணிவார்?

தொலைவிலுள்ள தீவு எதற்கு? நம் தூத்துக்குடியே இருக்கின்றது. வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, வெள்ளையர் நிறுவனம் செய்தது என்ன? கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கட்டணமே வேண்டா, ஏறினால் குடையும் தருவோம் என்றது. விலையை மட்டும் பார்ப்பவன் அக்குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெள்ளையன் கப்பலில் போயிருப்பான். போனவரும் இருந்திருப்பர். அவரை நம் வரலாறு பெயர் சொல்லி நினைக்கவில்லை.

முன்னவர் கணக்கு இவ்வளவே. இனி நம் இளைஞரிடம் வருகின்றேன்.

ஆங்கிலத்தில் 'பாய்க்காட்டு' என்னும் சொல், நம்மவர் 'பகிட்காரம்' என்று வடசொல்லால் நெடுங்காலம் பெயர்த்துவந்து, பின்னர்ப் புறக்கணிப்பு என்று தமிழாக்கிக் கொண்ட அச்சொல், ஓர் ஆளின் பெயர். அவ்வாளின் கதையை நம் இளைஞருட் பலர் முழுதுமாய் அறியார். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், எர்ன் பெருமகன் என்னும் நிலக்கிழாரின் நிலங்களுக்கு மேலாளாய் இருந்தவர் சார்லசு பாய்க்காட்டு. 1880இல் விளைச்சல் நொடித்த குடியானவர், குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டினர். நிலக்கிழார் 10 குறைப்பதாகச் சொன்னார். குடியானவர் மறுக்கவே, அவர்களை நிலத்தினின்று வெளியேற்றும் ஆணையோடு ஆள் வந்தான். ஊர்ப்பெண்கள் சேற்றையும் சாணத்தையும் வீசி அவனைத் துரத்தினர். அதன்பின் பாய்க்காட்டின் பண்ணையில் வேலை செய்ய ஒருவரும் வரவில்லை. கொல்லன் இலாடம் அடிக்க மறுத்தான். சலவைப் பெண் துணி எடுக்கவில்லை. கடைக்காரர் அப்பமும் விற்கவில்லை. அஞ்சற்காரன் மிரட்டப்பட்டான். கழனியில் கிழங்கும் தானியமும் அழுகத் தொடங்கின. அவற்றை அறுவடை செய்ய வடபகுதியிலிருந்து 50 ஆள்களும், அவர்களைக் காக்க ஏறத்தாழ 1,000 படைஞரும் காவலரும் வந்து இறங்கினர். ஏறத்தாழ 500 பவுன் பெறுமான விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுன் செலவாயிற்று என்று அந்நாளில் கணக்கிட்டனர். அவ்வாண்டு முடியுமுன்னே பாய்க்காட்டு அயர்லாந்தை விட்டுப் போய்விட்டார். அடுத்த ஆண்டே குத்தகையை முறைப்படுத்தும் சட்டம் வந்தது. அவருடைய பெயரை வினைச்சொல்லாக்கியவர் அவ்வூர்ப் பாதிரியார் ஓமாலி என்பர். அதுவரை வழங்கிய கடுஞ்சொல் குடியானவர் வாயில் நுழையாது என்று கருதி இதனை எடுத்துக் கொடுத்தாராம். சொல்லாக்கம் செய்வோர்க்கு அதில் ஒரு பாடமும் உண்டு. அது நிற்க.

இக்கதையில் நம் நெஞ்சம் குடியானவர் பக்கமே நிற்கும். என் நெஞ்சமும் அவ்வாறே. அவரிடம் வேறு படைக்கலம் இல்லை. எதிரே நின்றவனுக்கோ ஆயிரம் துப்பாக்கிகள் துணை. ஆனால் இக்கதைக்கு முன்னுரை ஒன்றுண்டு. அதே ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் என்னிசு நகரில் பார்னல் பேசிய பேச்சே இதற்கெல்லாம் வித்து. வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எவன் எடுத்துக்கொள்கின்றானோ அவனைத் தெருவிலும் கடையிலும் சந்தையிலும் வழிபாட்டிடத்திலுங்கூடத் தொழுநோயனைப் போல் ஒதுக்குக என்றார் அவர். ஊன்றிப் பாருங்கள்: அவர் சுட்டியது நிலக்கிழாரையன்று, மற்றொரு குடியானவனை. அவனும் ஏழை, அவன் பிள்ளைகளும் பசித்திருந்திருக்கலாம். அவன் செய்தது தவறுதான். ஆனால் அவனிடமிருந்து பொருள் வாங்காதே என்று மட்டும் பார்னல் சொல்லவில்லை. அவனோடு பேசாதே, அவனுக்கு விற்காதே, அவன் கும்பிடும் இடத்தில் நில்லாதே என்றார். ஆகப் 'பாய்க்காட்டு' என்னும் சொல் பிறக்கும்போதே இரட்டைப் பிள்ளையாய்ப் பிறந்தது. ஒன்று வாங்க மறுத்தல். மற்றொன்று வாழவிட மறுத்தல்.

தமிழில் இவ்விரண்டிற்கும் இரு சொற்கள் உள. முன்னது புறக்கணிப்பு. பின்னது ஊர்விலக்கு. ஊர்விலக்கு என்னும் சொல்லைக் கேட்டு முதுகு சில்லிடாதவர் சிற்றூரில் வாழாதவராகத்தான் இருப்பர். கூலி உயர்த்திக் கேட்டவனுக்கு, கோயிலுள் நுழைந்தவனுக்கு, சாதி மாறி மணந்தவனுக்கு மளிகைக்கடையில் உப்பில்லை, கிணற்றில் நீரில்லை, முடிதிருத்துவோர் வாரார், பிணந்தூக்கவும் ஆளிரார். யான் பணியாற்றிய ஊரொன்றில், ஊர்ப்பெயர் வேண்டா, விலக்கப்பட்ட குடும்பத்துச் சிறுவன் காசோடு கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்தான். பக்கத்து ஊருக்கு நடந்துபோய் எழுதுகோல் வாங்கிவந்து நண்பகலுக்குமேல் வகுப்பில் நுழைந்தான். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குமுகாய விலக்கையும் பொருளியல் விலக்கையும் குற்றமெனச் சேர்த்து 2015இல் திருத்தம் செய்தனர். அது 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. மராட்டிய மாநிலம் இதற்கெனவே 2016இல் தனிச்சட்டம் இயற்றியது. இத்தனை சட்டம் எதற்கு? மேயோ மாவட்டத்து ஏழையின் கையில் இருந்த அதே படைக்கலம் நம் ஊர்களில் பெரும்பாலும் வலியவன் கையில் இருப்பதனாலன்றோ!

'தூத்துக்குடியில் நடந்ததை மறந்தீரோ?' என்று ஓரிளைஞர் கேட்பார். மறக்கவில்லை. 1908இல் பவள ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது நகரமே அவர் பக்கம் நின்றது. வெள்ளையர் சார்பாய்ப் பேசிய வழக்கறிஞர் ஒருவர்க்கு மழித்துக்கொண்டிருந்த முடிதிருத்துவோர், அவர்தம் பேச்சைக் கேட்டதும் பாதி முகத்தோடு விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார் என்பர். அக்கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கும் சிரிப்பு வருகின்றது. அன்றைய கூலியை இழக்கத் துணிந்த ஓர் ஏழைத் தொழிலாளி. செல்வாக்குடைய ஒரு வழக்கறிஞர். மீதிப்பாதியை அவர் வேறெங்கேனும் மழித்துக்கொண்டிருப்பார். அதே வழக்கறிஞர்க்கு ஊரில் எவரும் தண்ணீர் தரக்கூடாது, அவர் பிள்ளைக்கு மருத்துவர் மருந்து தரக்கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்திருந்தால் நாம் சிரித்திருப்போமா? தன் கத்தியைத் தானே மடக்கிக்கொள்வது வேறு. பிறர் கத்திகளையெல்லாம் மடக்கச் செய்வது வேறு.

சரி, முறையான புறக்கணிப்பு எது, முறையற்றது எது என்று அறிய ஓர் உரைகல் வேண்டுமே. யான் கொண்டிருக்கும் உரைகல் எளியது. புறக்கணிக்கப்படுவோன் எதைச் செய்தால், அல்லது எதைச் செய்யாது நிறுத்தினால், நாம் நாளையே அவன் கடைக்குத் திரும்புவோம்? இதற்கு விடை இருந்தால் அது புறக்கணிப்பு. விடை இல்லையேல் அது வெறும் பகை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் 1955 திசம்பர் முதல் நாள், வெள்ளையனுக்கு இருக்கையை விட்டு எழ மறுத்த உரோசா பார்க்கசு தளையிடப்பட்டார். 5ஆம் நாள் தொடங்கிக் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். பேருந்தில் செல்வோருள் ஏறத்தாழ நான்கில் மூவர் அவர்களே. 381 நாள் நடந்தனர், வண்டிகளைப் பகிர்ந்துகொண்டனர். அவர்கள் தொடக்கத்தில் கேட்டவை எவை? மதிப்போடு நடத்துக, முன் வந்தவர் முன் அமரட்டும், கறுப்பினத்தார் மிகுதியாய்ச் செல்லும் தடங்களில் அவ்வினத்து ஓட்டுநரை அமர்த்துக. இவ்வளவே. பேருந்து முதலாளி நெஞ்சில் கறுப்பினத்தாரைப் பற்றி என்ன நினைக்கின்றான் என்று அவர்கள் கேட்கவில்லை. அவன் எக்கட்சிக்கு வாக்களித்தான் என்றும் கேட்கவில்லை. நயன்மன்றத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்ததும், 1956 திசம்பர் 21ஆம் நாள், காலையில் பேருந்தில் ஏறி அமர்ந்தனர். அதே நிறுவனம், அதே ஓட்டுநர்கள். அவர்தம் உள்ளம் ஓரிரவில் மாறியிருக்குமா? மாறியிராது. மாறவேண்டியது இருக்கை முறை, அது மாறிற்று.

இதனருகே செருமனியை வைத்துப் பாருங்கள். 1933 ஏப்பிரல் முதல் நாள், காரிக்கிழமை, இட்லரின் சீருடைக் கூட்டத்தார் யூதர் கடை வாயில்களில் நின்றுகொண்டு, இங்கு வாங்காதே என்று பலகை பிடித்தனர். கடைக் கண்ணாடிகளில் விண்மீன் குறி வரைந்தனர். அந்த யூத வணிகன் எதைச் செய்தால் அப்பலகையை எடுப்பார்கள்? விலையைக் குறைத்தாலா? கட்சி மாறினாலா? முன்னைப் பெரும்போரில் செருமனிக்காகப் போரிட்டுப் பெற்ற பதக்கத்தை மார்பில் அணிந்து கடை வாயிலில் நின்றாலா? அவ்வாறு நின்றோரும் உண்டு; பயனில்லை. அவன் பிறந்ததே குற்றம். பிறவாதிருத்தல் ஒன்றே அதற்குத் தீர்வு. ஐந்தாண்டு கழித்து, 1938 நவம்பரில், அக்கண்ணாடிகளெல்லாம் ஓரிரவில் நொறுங்கின. அதே 1933இல் செருமனியின் பொருள்களை வாங்காதீர் என்று அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் யூதர் முழங்கினரே, அது வேறு. யூதரைக் கொடுமை செய்வதை நிறுத்து, வாங்குகின்றோம் என்பது அது. பெயர் ஒன்றாயினும் ஒன்றில் கேட்பு இருந்தது; மற்றதில் இல்லை.

'யாம் பிறப்பைப் பார்க்கவில்லையே, கருத்தைத்தானே பார்க்கின்றோம்? கருத்து மாறக்கூடியதன்றோ?' என்பார் நம் இளைஞர். நல்ல வினா. கருத்து பிறப்பன்று, செயலும் அன்று, இரண்டிற்கும் இடையில் நிற்பது. ஆனால் சோற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு கருத்தை மாற்றச் சொன்னால் மாறுவது கருத்தா, பெயர்ப்பலகையா? அமெரிக்கத் திரைத்துறையில் 1947 தொடங்கிப் பொதுவுடைமைக் கருத்துடையோர் என்று ஐயுறப்பட்டோர்க்கு வேலை மறுத்தனர். அவர்தம் படங்களை ஓட்டினால் அரங்கின்முன் மறியல் செய்வோம் என்று முன்னாள் படைஞர் கழகத்தார் மிரட்டியதும் அதற்கொரு கரணியம். ஆகவே அதுவும் ஒருவகையில் வாங்குவோர் புறக்கணிப்பே. விளைந்தது என்ன? தால்டன் திரம்போ என்னும் எழுத்தாளர் சிறைக்கும் போய்வந்தார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, பெயரை மாற்றிக்கொண்டார். 1957இல் சிறந்த படக்கதைக்கான ஆசுக்கர் பரிசு இராபர்ட்டு ரிச்சு என்பவர்க்கென்று அறிவிக்கப்பட்டது. பரிசு பெற அவர் வரவில்லை. எப்படி வருவார்? அப்பெயரில் எழுத்தாளர் எவரும் இலர், எழுதியவர் திரம்போ. 1960இல் அவர்தம் பெயரை மீண்டும் திரையில் இட்டபோது, வானம் இடிந்து விழவில்லை. பதின்மூன்றாண்டு நடந்த அந்த வேட்டையில் எத்தனை பேர் திருந்தினர் என்று எண்ணிப் பார்த்தால் கையில் மிஞ்சுவது பொய்ப்பெயர்களே. பல குடும்பங்கள் கெட்டதும் மெய்.

நம் ஊரிலும் இதுவே நடக்கும். பட்டியல் வந்த மறுநாள் ஒவ்வொரு கடையிலும் ஒரு தலைவர் படம் தொங்கும். வலுவுள்ள கட்சி எதுவோ அதன் தலைவர் படம். ஆட்சி மாறினால் படமும் மாறும். பொய்யரைப் பெருக்குவதற்கு ஓர் இயக்கம் வேண்டுமா?

வெற்றியையாவது தருமோ எனின், அதுவும் உறுதியில்லை. 2020 சூலையில் அமெரிக்கக் கோயா உணவு நிறுவனத் தலைவர், குடியரசுத் தலைவரான திரம்பைப் புகழ்ந்து பேசினார். மறுப்பாளர் அந்நிறுவனத்தின் பருப்பையும் பயற்றையும் வாங்க மறுத்தனர்; திரம்பு அன்பர்களோ அவற்றைக் கூடை கூடையாய் வாங்கிக் குவித்தனர். 2012இல் சிக்-பில்-ஏ என்னும் கோழிக்கறிக் கடைக்காரர் ஒரே பாலினத்தார் திருமணத்தை எதிர்த்துப் பேசியபோதும் அவ்வாறே. எதிர்த்தவர் விலகினர், சார்ந்தவர் ஆகத்து முதல் நாள் தெருக்கோடி வரை வரிசையில் நின்று வாங்கினர். பேச்சை எதிர்த்து எழுந்த புறக்கணிப்பு, பேசியவனுக்கு விளம்பரமாயிற்று. ஆனால் அச்செய்தியில் கூர்ந்து நோக்கத்தக்கது வேறொன்று. அந்நிறுவனத்தின் அறக்கட்டளை எந்தெந்தக் கழகங்களுக்குப் பணம் கொடுக்கின்றது என்றும் சிலர் கேட்டனர். அக்கேள்வி முறையானது. ஏனெனில் பேச்சு அவனுடையது; பணம் என்னுடையதாயிருந்தது. என் காசு எங்கே போகின்றது என்று கேட்க எனக்கு உரிமையுண்டு. 2019இல் அந்நிறுவனம் தன் கொடை முறையை மாற்றிக்கொள்வதாக அறிவித்ததும் அக்கேள்வியின் பின்னரே.

நம் நாட்டில் அக்கேள்வியைக் கேட்கவே வழியில்லாதிருந்தது. தேர்தல் பத்திரம் என்னும் பெயரால் 2018 முதல் நிறுவனங்கள் கட்சிகளுக்கு மறைவாகப் பணம் கொடுக்க வழி செய்திருந்தனர். 2024 பிப்பிரவரி 15ஆம் நாள் உச்ச நயன்மன்றம் அதனைச் செல்லாதென்று தீர்த்தது. மார்ச்சு மாதத்தில் கணக்கு வெளியாயிற்று. பார்த்தால் என்ன? ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே நிறுவனம் கொடுத்திருக்கின்றது. அவற்றிற்குக் கொள்கை ஏது? காற்றடிக்கும் பக்கமெல்லாம் பாய் விரித்திருந்தன. பட்டியல் கேட்கும் இளைஞரே, உம்மைக் கேட்கின்றேன்: கோடிகளைக் கொட்டிய அந்நிறுவனங்களை உம் பட்டியல் தொடுமா? தொடாது. தெருமுனையில் வெற்றிலைபாக்கு விற்கும் கிழவர் எந்தக் கொடியைத் தம் கூரையில் செருகியிருக்கின்றார் என்பதையே அது தொடும். அவரிடம் நாளொன்றுக்கு நூறு உரூபாய் வாணிகம் குறைந்தால் அடுப்பெரியாது. பெருநிறுவனத்துக்கோ நம் புறக்கணிப்பு யானைமேல் அமர்ந்த ஈ. கட்சிகளுக்குச் சென்ற ஒவ்வொரு கொடையும் கொடுத்த திங்களிலேயே வெளியாகவேண்டும் என்று கேளுங்கள், அதற்கு இயக்கம் நடத்துங்கள், யானும் வருவேன்.

இனிப் பட்டியல் என்னும் சொல்லைப் பற்றி. தமிழரிடமா பட்டியல் கேட்கின்றீர்? 1983 சூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்த காடையர் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. அதை அச்சிட்டோர் கொலைக்கென்று அச்சிடவில்லை. வாக்குச் சாவடிக்கென்று அச்சிட்டனர். எந்தக் கடை தமிழனுடையது, எந்தக் கடை சிங்களவனுடையது என்று தெருத்தெருவாய்ப் பிரித்துத் தீயிட அது போதுமாயிருந்தது. 2019 உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் அதே தீவில் முசுலீம் கடைகளில் வாங்காதீர் என்று குரல் எழுந்தது; மே மாதத்தில் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. வாங்காதே என்பதற்கும் கொளுத்து என்பதற்கும் இடையில் எத்தனை கிழமை இருந்தது? பெயரும் முகவரியும் அச்சேறிவிட்டால் அது யார் கைக்குப் போகும் என்று அச்சிட்டவன் கட்டுப்படுத்த இயலாது. அதனை வாங்குவோர்க்கு வழிகாட்டி என்று நீர் தலைப்பிடுவீர். கல்லெறிவோனும் அதே பக்கத்தைத்தான் புரட்டுவான்.

'அப்படியாயின் ஐயா, ஒருவரையும் புறக்கணிக்கவே வேண்டாவா?' என்று கேட்பீராயின், யான் சொன்னது உங்கள் செவியிற் சரியாய் விழவில்லை. ஊர்ப்புறத்துத் தேநீர்க் கடைக்கு வாருங்கள். இருவகைக் குவளை வைத்திருக்கும் கடைகள் நம் நாட்டில் இன்னும் முற்றாய் ஒழியவில்லை. கண்ணாடிக் குவளை ஒரு சாராருக்கு. தனியே வைத்த வேறு குவளை மற்றொரு சாராருக்கு. கண்டுபிடிப்பார்கள் என்று அஞ்சிச் சில இடங்களில் இப்போது தூக்கியெறியும் தாள் குவளையைச் சேரியார்க்கு மட்டும் கொடுக்கின்றனர். அக்கடைக்காரர் எக்கட்சி? நம் கருத்துக்கு நெருங்கிய கட்சியாகவே இருக்கலாம். சமன்மை பேசும் தலைவர் படம் அவர் கல்லாவுக்கு மேலேயே தொங்கலாம். மாநாட்டுக்கு நன்கொடையும் தந்திருக்கலாம். நீங்கள் கேட்கும் பட்டியலில் அவர் பெயர் வாராது. வந்தாலும் நல்லோர் வரிசையில் வரும். மாற்றுக் கட்சிக்காரராயினும், வருவோர் எல்லார்க்கும் ஒரே குவளையில் ஆற்றித் தரும் எதிர்க்கடைக்காரர் பெயரோ முதல் வரியில் நிற்கும்.

இதற்கு யான் உடன்படேன். அந்த முதற் கடைக்குப் போங்கள். கூட்டமாய்ப் போக வேண்டா, முழக்கம் வேண்டா, அவர் வீட்டுப் பிள்ளைகளை ஒன்றும் சொல்ல வேண்டா. 'அண்ணாச்சி, எல்லார்க்கும் ஒரே குவளை என்றாகும் வரையில் நான் இங்குக் குடிப்பதில்லை; ஆன அன்றே வருவேன்' என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, நாள்தோறும் காலையில் குடிக்கும் அத்தேநீரை விட்டுவிட்டு வாருங்கள். அவ்வாறு வந்தோர் தத்தம் பெயரைத் தாமே விரும்பி எழுதி விடுப்பாராயின், அந்தப் பட்டியலை வெளியிட இவ்விதழில் இரண்டு பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியரை யானே வேண்டிக்கொள்வேன்.